எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனவள்

"ஏட்டி, டிவியில கல்யாணத்தப் பாத்துட்டு யாராச்சும் மொய் எழுதுவாகளா? அப்படில்லா இருக்கு ஒங்க படிப்பு."

சொன்னது என் சித்தப்பா. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், வாழைத்தார் சுமந்த கறை காயாத சட்டையோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அயர்லாந்து என்று ஒரு தேசம், அதன் வரலாற்றையும் பண்பாட்டையும் ஒரு பருவம் முழுக்கப் படிக்கப் போகிறேன், பாடம் நடத்துவது அந்த ஊர்க் கல்லூரி, ஆனால் நான் எங்கேயும் போகமாட்டேன், எல்லாம் கணினித் திரையிலேயே என்று அவரிடம் பொறுமையாக விளக்கியிருந்தேன். அதற்குக் கிடைத்த பதில் இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அதனால் சித்தப்பா சிரித்தது அன்று இரவு முழுக்க உறுத்தியது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக என் வகுப்புத் தோழியிடம் சொல்லிப் பொருமினேன்.

அவள் சிரித்தாள். "ஒங்க சித்தப்பா கேட்டதுல என்னட்டி தப்பு? நாம எங்க போகப் போறோம்? அங்கன இருக்கறத நம்ம வீட்டுக்குக் கொண்டாரப் போறோம். அவ்வளவுதான்."

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது அவள் இருக்கிற வீட்டில் அது யாருக்கும் பிடிக்காது.

கையில் கிடைத்த எதையும் கிடைத்த இடத்தில் வைத்து அவள் தின்று முடித்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பால்கோவாதான். எல்லோரும் விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது அவள் நுனியில் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டு மிச்சத்தை இலையோடு மடித்துப் பைக்குள் வைப்பாள். "திங்கத்தான குடுத்தாவ" என்று கேட்டால், "தின்னுட்டேன்லா" என்பாள். கருத்தரங்குக்கு வந்தால் கொடுக்கிற பிஸ்கட், ஆடிப்பூரத் தேரோட்டத்தில் யாரோ விளம்பரத்துக்குக் கொடுத்த அட்டை விசிறி, கல்லூரி மரத்தடியில் விழுந்து கிடக்கிற வாதாங்கொட்டை, எல்லாம் ராஜபாளையத்தில் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறும்.

தின்பண்டம் மட்டுமில்லை. வகுப்பில் யாராவது ஒரு வேடிக்கை சொன்னால், கலைந்து போகிற நேரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, "மறுபடி சொல்லுட்டி, மெதுவா" என்பாள். வார்த்தை வார்த்தையாகக் கேட்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "சிந்தாம கொண்டு போகணும்லா."

இதில் எனக்கு ஒருமுறை சங்கடம் வந்தது. என் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. அம்மா கோபத்தில் சொன்ன ஒரு சொல்லை அவளிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தேன். அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் படுத்திருந்த அவள் அப்பா என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, ஒங்கம்மாவோட ராசியாயாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அதையுமாட்டி சொல்லுவ?"

"அவருக்கு வேற என்ன இருக்கு சொல்லு? அந்தச் சுவரு, அந்த ஃபேனு. நான் வெளிய போயிட்டு வெறுங்கையா வந்தா அவருக்கு அன்னைக்கு நாளே கெடையாது."

அதற்குப் பிறகு அவளிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தேன்.

அவள் அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் இழுப்பு வந்துவிட்டது. பேசினால் இருமல், நடந்தால் மூச்சு வாங்கும். மில் இரைச்சலில் காதும் மந்தம். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். அம்மா பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெரும்பாலும் சாயங்கால ஷிப்ட். ஆகவே சாயங்காலம் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

அயர்லாந்து வகுப்பு புதன்கிழமை சாயங்காலம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். முதலில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பஸ் பிந்துகிறது என்று பெண்பிள்ளைகள் வீடுகளில் புகார் வந்ததும், வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மம்சாபுரத்தில் என் வீட்டில் சிக்னல் நிற்காது. அதனால் நான் புதன்கிழமைதோறும் ராஜபாளையத்தில் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். கடைசியில் வகுப்பின் முன் பேச வேண்டிய உரைக்கும் நாங்கள் இருவரும்தான் சோடி.

முதல் நாளே அவள் ஒரு காரியம் செய்தாள். மொபைல் கடை வைத்திருக்கிற உறவுக்காரரிடம் கேட்டு, கோயில் கொடைத் திருவிழாவில் வைப்பார்களே அந்த மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி வந்து செல்லோடு இணைத்தாள். அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் பெட்டி. சத்தம் முழுசு. அயர்லாந்திலிருந்து அந்த அம்மையார் "குட் ஆஃப்டர்நூன்" என்று சொன்னதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அந்த அம்மையாருக்கு ஐம்பது வயது இருக்கும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, குச்சியில் செல்லைக் கட்டிப் பிடித்தபடி தன் ஊரைச் சுற்றிக் காட்டுவார். எப்போது பார்த்தாலும் மழை. கூரை இல்லாத கல் வீடுகள், புல் மூடிய மலைச்சரிவு, அதில் வரிவரியாகத் தெரிகிற பழைய உருளைக்கிழங்குப் பாத்திகள். பஞ்சத்தில் செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் போட்ட பாத்திகள் அவை, அதற்கப்புறம் யாரும் அங்கே மண்வெட்டி போடவில்லை என்றார். அவர் ஒரு வாக்கியம் முடித்ததும் அவள் அதைத் தமிழில் அப்பா காதருகே கத்துவாள். பாதி வகுப்பு அவள் குரலில்தான் எனக்குக் கேட்டது.

அப்பா அன்று ஒரு கேள்வி கேட்டார். "மழ பேயாட்டிப் பஞ்சம். சரி. மழ பெஞ்சுகிட்டே இருக்குற ஊர்ல எப்படித் தாயி பஞ்சம் வரும்?"

அவள் மைக்கைத் திறந்து, "மேடம், மை ஃபாதர் ஹேஸ் எ டவுட்" என்று அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மையார் மழையிலேயே நின்று பதில் சொன்னார். கிழங்கு அழுகிப்போனது. ஜனங்களுக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. ஆனால் அதே சமயத்தில் அந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "ஏத்தி விட்டவன் எல்லாம் வெளியூர்க்காரந்தானா, இல்ல உள்ளூர்க்காரனும் இருந்தானான்னு கேளு."

கேட்டாள். உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள் என்று அம்மையார் ஒத்துக்கொண்டார்.

"அதான பாத்தேன்" என்று அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அம்மையார், "உன் அப்பா இன்று என்ன கேட்கிறார்?" என்று விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. வடக்கே லினன் மில்லில் வேலை பார்த்த பெண்களைப் பற்றிப் பாடம் வந்த அன்று, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று நூல் நூற்றார்கள், ஆளி நார்த் தூசியில் நெஞ்சு கெட்டது என்று அவள் சொல்லச் சொல்ல அப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அங்கனயும் இருமுனாகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், தெரிந்த ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர் மாதிரி தலையை ஆட்டினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் அம்மா, "இந்த மனுசன் இப்பல்லாம் என்கூடப் பேசுறதே இல்ல. எல்லாம் அந்த வெள்ளக்காரியோடதான்" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்பா இருமலுக்கு நடுவே சிரித்தார்.

இதையெல்லாம் எழுதும்போது அந்த வீடு சந்தோஷமாக இருந்தது போலத் தெரிகிறது. இருந்ததுதான்.

எங்கள் உரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் சாவு வீட்டு அழுகை. அந்த ஊரிலும் ஒரு காலத்தில் பெண்கள் கூடிப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாட்டாக அழுதிருக்கிறார்கள். பாதிரிமார் தடுத்தும் கொஞ்ச காலம் நிற்காமல் நடந்திருக்கிறது. நன்றாக அழத் தெரிந்தவர்களை அழைத்து வருவார்களாம். நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று அந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியது அவள்தான்.

அந்தப் புதன்கிழமை அம்மையார், பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போடப் போகிறேன், கிழவிகள் சிலரிடம் கேட்டுப் பதிந்து வைத்தது, கேட்கக் கஷ்டமாக இருக்கும் என்று சொன்னார். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று அவள் பெட்டியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் தள்ளி வைத்தாள். புழுக்கமாக இருந்ததால் கதவையும் ஜன்னலையும் திறந்தே வைத்திருந்தோம்.

ஒரு பெண் குரல் தாழ்வாக ஆரம்பித்தது. சொல் எதுவும் புரியவில்லை. ஆனால் அது அழுகை என்பது யாருக்கும் புரியும். மெல்ல மெல்ல ஏறி, மூச்சு முட்டுகிற இடத்தில் உடைந்து, மறுபடி கீழே இறங்கியது. இரண்டாவது குரல் ஒன்று சேர்ந்துகொண்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது குரல், நான்காவது குரல். சத்தம் பெருகிக்கொண்டே போனது. திடீரென்று ஒரு நொடி எனக்கு அந்த ஊர்ப் பாஷை புரிகிற மாதிரி இருந்தது. "பஞ்சுக் காத்த முழுங்கிப்புட்டுப் பாயில விழுந்தவரே" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

அவளும் என்னைப் பார்த்தாள். திரையில் அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் மைக் திறந்து கிடந்திருக்கிறது.

அவள் பாய்ந்து பெட்டியை அணைத்தாள். அழுகை நிற்கவில்லை. அது வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நம் பக்கத்துத் துக்க வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அழுகைச் சத்தம் கேட்டால் பெண்கள் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். போட்டது போட்டபடி, தெருமுனையிலேயே அழுதுகொண்டு வருவார்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த நோயாளி இருக்கிற வீடு. விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒப்பாரி. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டுப் பெரியம்மா, அந்தத் தெருவில் அழுகையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, வட்டத்தின் நடுவில் இருந்தார். தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டக்கா, என்ன ஆச்சென்று தன் பாஷையில் "ஏமாயிந்தி, ஏமாயிந்தி" என்று கேட்டபடியே மாரில் அடித்துக்கொண்டார்.

பெட்டி நின்றுபோன அமைதியில், ஜன்னலை ஒட்டி, பெரியம்மாவின் குரல் அடுத்த வரியை எடுத்தது.

"பொட்டப் புள்ளயப் படிக்க வச்சி, பொழுதெல்லாம் காக்க வச்சி, கரையேத்தாமப் போனியளே."

மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கரையேத்தாமப் போனியளே. ஒரு முறை, இன்னொரு முறை.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவள் அப்பா கண்ணைத் திறந்திருந்தார். மந்தமான காதுதான். ஆனால் அத்தனை தொண்டையும் சேர்ந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் பாடினால் கேட்கத்தான் செய்யும்.

அவள் வெளியே ஓடினாள். அவளைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். "ஒனக்கு இனி ஆரு இருக்கா தாயி" என்று பெரியம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்தார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். பாவம், நம்ப முடியாமல் மறுக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அப்போது அவள் அப்பா சுவரைப் பிடித்தபடி, கைலியை ஒரு கையால் பற்றிக்கொண்டு நிலைப்படிக்கு வந்து நின்றார்.

"ஏன் எல்லாரும் வந்துருக்கிய?"

ஒரு பெண் கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆயுசு கெட்டிண்ணே ஒமக்கு, எமனே திரும்பிப் போயிட்டான்" என்றார் ஒருவர். இப்போது வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேருக்கு வாக்குவாதம் வந்தது. "அழுதாச்சுல்லா, குளிக்கணும்." "ஆளே சாகலியே, எதுக்குத் தீட்டு?" கடைசியில் இருவருமே குளித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பாவும் சிரித்தார். "பரவால்ல. எனக்கு இம்புட்டுப் பேரு வாராக" என்றார். ஆனால் நிலைப்படியை விட்டு நகராமல், பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காத ஒரே ஆள் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா. அடுத்த தெருவிலிருந்து சேதி கேட்டு, தலையை விரித்துக்கொண்டே ஓடி வந்தவர், தம்பி நிற்பதைப் பார்த்ததும் நின்றார். உள்ளே போய் அந்தப் பெட்டியைப் பார்த்தார். திரும்பி வந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். "உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரியக் கொண்டாந்து தலமாட்டுல வச்சிருக்கியே. நீயெல்லாம் படிச்ச பிள்ளையா?"

அவள் அழவில்லை. உள்ளே போய், அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டு, இணைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த புதன்கிழமை அப்பாவிடமிருந்து கேள்வி வரவில்லை. பெட்டி அதே இடத்தில் இருந்தது. அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "உன் அப்பா இன்று என்ன கேட்கிறார்?" என்று அம்மையார் கேட்டபோது அவளே ஏதோ ஒரு கேள்வியை உண்டாக்கிக் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"மாப்பிள்ளை பாத்துட்டாவ. வத்திராயிருப்பு. தென்னந்தோப்பு இருக்காம்."

"பரீச்சை?"

"பரீச்சைக்கு முன்னாடி ஒரு நல்ல நாள் இருக்காம். பொறவு எழுதிக்கிடலாம்ட்டாவ."

"ஒங்கப்பாவா? அவரு எப்பிடிட்டி சம்மதிச்சாரு? எம்மக எம்.ஏ. முடிக்கணும்னு என்கிட்டயே சொன்னாரே."

அவள் வரப்போகிற பஸ்ஸைப் பார்த்தபடி பேசினாள். "அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டு உக்கார வச்சாரு. 'செத்த பொறவு என்ன பாடுவாகன்னு எவனுக்குந் தெரியாது தாயி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த வரி என் வாசல்ல இன்னொரு வாட்டி கேக்கக் கூடாது'ன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாருட்டி."

எனக்கு வந்த கோபத்தில், பெரியம்மா எதையோ வாய்க்கு வந்தபடி பாடினதுக்கு நீ ஏன் பலியாகணும், படித்து என்ன கிழித்தோம் என்று பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"கத்தாத. பெரியம்மாவச் சொல்லி என்ன? அதக் கொண்டு போயி வீட்டுக்குள்ள வச்சது நான்தான" என்றாள்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரியான ஆள்தான். யாரையும் குறை சொல்ல முடியாத கல்யாணம் அது. அவளைக் காரில் ஏற்றி அனுப்பும்போது அவள் அம்மா அழுத அழுகையில், கப்பல் ஏறிப் போகிற பிள்ளைக்கு முந்தின நாளே துக்கம் கொண்டாடிய அயர்லாந்துக் குடும்பங்களைப் பற்றி அம்மையார் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உரையை நான் ஒருத்தியாகச் செய்தேன். அவள் எழுதி வைத்திருந்த பகுதியையும் நானே பேசினேன். முடிந்ததும் அம்மையார் உன் தோழி எங்கே என்று கேட்டார். கல்யாணமாகிவிட்டது என்றேன். வாழ்த்துச் சொல்லச் சொன்னார். பிறகு ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார். எனக்குச் சான்றிதழ் வந்தது. சித்தப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பரவால்ல, சீல் எல்லாம் வச்சிருக்கான்" என்றார். அப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்குச் சான்றிதழ் வரவில்லை. கல்லூரிக் கடைசிப் பருவத்தின் மூன்று தாள்களையும் அவள் எழுதவில்லை. தேர்வு நடந்த நாட்களில் மாப்பிள்ளை வீட்டுக் குடும்பக் கோயிலில் கொடை. அடுத்த முறை தேர்வு வந்தபோது அவளுக்கு மசக்கை.

அவள் அப்பா அந்த வருஷமே இறந்துபோனார். நான் போயிருந்தேன். அதே வாசல், அதே பெண்கள். பெரியம்மா நடுவில். உண்மையாகவே கதறினார். அன்றைக்கு ஒத்திகை பார்த்தது போல வரிகள் வந்தன. பஞ்சுக் காற்று வந்தது, பாய் வந்தது. அந்த வரி வரப்போகிற இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்த அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா ஒரு மூச்சு எடுத்துவிட்டுப் பாடினார்.

"பேரப்புள்ள மொகம் பாக்காம, பேரு ஒண்ணும் வைக்காம, பாதியில போனியளே."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. "எப்படியும் ஒண்ணு கொறஞ்சுகிட்டேதான் இருக்கும், இல்ல?" என்றாள்.

நான் இப்போது முதுகலை முடித்துவிட்டு, படித்த கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். எழுதாமல் விட்ட தாள்களை எழுத எங்கள் வருஷத்து மாணவர்களுக்கு இந்தத் தடவைதான் கடைசி வாய்ப்பு என்று தெரிந்ததும், போன வாரம் வத்திராயிருப்புக்குப் போனேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் போனதில்லை. மாமியார் மோர் கொடுத்தார். அவள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்திருந்தது. நான் கல்லூரிக் கதைகளைச் சொன்னேன். ஒன்றையும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். மாமியார் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், ஆனால் உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "இவனுக்குக் கடவாப் பல்லு மொளைக்கி. ராத்திரியெல்லாம் அழுக" என்று பிள்ளையைப் பற்றிப் பேசினாள். நான் திரும்பக் கேட்டேன். அவள் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிப் போட்டுத் தட்டினாள். மூன்றாவது முறை கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. எழுந்துவிட்டேன்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தோப்பிலிருந்து காற்று வந்தது. பஸ் திரும்பி வருவது தெரிந்ததும், என்னைப் பார்க்காமல், பிள்ளையின் தலைக்கு மேலாக, தாழ்ந்த குரலில் தன்னுடைய தேர்வுப் பதிவு எண்ணைச் சொன்னாள். எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒன்று. தடுமாறாமல் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "வாரேன்ட்டி, வெயிலா இருக்கு" என்று பிள்ளையின் தலையில் சேலையைப் போட்டு மூடிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் அதைச் செல்லில் குறித்துக்கொண்டேன். அலுவலகம் மூடுவதற்கு முன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று தாளுக்கும் அவள் பெயரைப் பதிந்தாயிற்று. தேர்வு மையம் எது என்று கேட்டார்கள். சொந்த ஊர் ராஜபாளையம் என்றுதான் பழைய பதிவில் இருந்தது. அதை மாற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போட்டேன். வத்திராயிருப்பிலிருந்து நேர் பஸ் இருக்கிறது.